ரசத்தில் மழை விழுந்தால்

ஒழுகுகிற மாதிரி ஒரு கூரை போட்டுக் கொடுங்கள் என்று ஒரு பந்தல்காரரிடம் கேட்கப் போய் நின்றேன். ஐப்பசி பிறக்கப் போகிற நேரம். மந்தைவெளியில் அவர் கடை வாசலில் கீற்றுக் கட்டுகள் அடுக்கிக் கிடந்தன. அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா சொன்னே? திருப்பிச் சொல்லு.”

“கொட்டாய் போடணும்ணே. மொட்டை மாடியில. மேல கீத்துதான். ஆனா நெருக்கமா வேணாம். நடுவுல நடுவுல வானம் தெரியணும்.”

“மழை வந்தா?”

“உள்ள வுழும்.”

“வுழட்டுமா?”

“வுழட்டும்னுதான் சொல்றாங்க.”

“கல்யாணமா, காரியமா?”

“ரெண்டும் இல்லண்ணே. பண்டிகை.”

“எந்த சாமிக்கு ஓட்டைக் கொட்டாய் புடிக்கும்?”

நான் சமையல் வேலை பார்க்கிற வீட்டு மேடம் சொன்னதைத்தான் சொன்னேன். அவர்கள் யூதர்கள். அவர்களுடைய முன்னோர்கள் வீடு வாசல் இல்லாமல் பாலைவனத்தில் வெகுகாலம் அலைந்தார்களாம். குடில் போட்டுத் தங்கினார்களாம். அதை மறக்கக்கூடாது என்று வருஷத்துக்கு ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வந்து குடிலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கூரை இலை தழையாக இருக்க வேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் வானமும் தெரிய வேண்டும்.

பந்தல்காரர் மூச்சை இழுத்து விட்டார். “சரி, நீ போ. நான் கட்டித் தரேன். எனக்குச் சொல்லித் தராதே.”

தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து, ஓட்டையை மறந்துடாதீங்கண்ணே என்று இன்னொரு தடவை சொன்னேன்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினோமா என்று பஸ் ஏறியபிறகு நினைப்பு வரும், இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்திருந்தால் இந்தப் பயம் இருந்திருக்காதோ என்று நினைப்பதுண்டு. மேடத்தைப் பார்த்த பிறகு அந்த நினைப்பும் போய்விட்டது. அவர் அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறார், அவ்வளவு படிப்பு படித்திருக்கிறார், அவரும் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறார்.

நான் பிறந்து வளர்ந்தது அடையாற்றங்கரையில், கீற்றுக் குடிசையில். மழை பிடித்துக்கொண்டால் வீட்டில் இருக்கிற குண்டான், சொம்பு, சட்டி எல்லாம் தரைக்கு வந்துவிடும். நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் வரிசை தீப்பிடித்தது. கீற்று எரிகிற வேகம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பையும் புத்தகமும் போயிற்று, அதோடு பள்ளிக்கூடமும் போயிற்று. பிறகு ஊருக்கு வெளியே மாடிக் கட்டடத்தில் வீடு கொடுத்தார்கள். இப்போது எங்களுக்குக் கான்கிரீட் கூரை. ஒழுகாது. ஆனாலும் மழைச் சத்தம் கேட்டால் கை தானாகக் குண்டானைத் தேடும். அப்படிப்பட்டவள் போய், ஓட்டை வேண்டும் ஓட்டை வேண்டும் என்று ஒரு மனுஷரிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

மேடத்துக்காக என்றால் நின்றிருக்க மாட்டேன். பாப்பாவுக்காகத்தான்.

மேடத்தின் மகளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு எட்டு வயது இருக்கும். வெயில் கொளுத்துகிற மாதத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினார்கள். அம்மாவும் மகளும் மட்டும்தான். மேடம் வேலைக்குப் போய்விடுவார். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து என்னோடுதான் இருப்பாள். எங்களுக்குள் பேச ஒரு பாஷை வேண்டுமே. நான் பேசுகிறதை அவள் பிடித்துக்கொண்டாள். குழந்தைகள் பஞ்சு மாதிரி, ஊற்றினதை எல்லாம் உறிஞ்சிவிடும். கொஞ்ச நாளில், “க்கா, இன்னா கொழம்பு?” என்று கேட்டாள். நானும் மேடமும் கைகொட்டிச் சிரித்தோம்.

கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். அங்கே போய் பாப்பா, “நானும் ஆட வரவா? எனுக்கு பேட் குடுக்கிறியா?” என்று கேட்டிருக்கிறாள். அவர்களில் உயரமான பையன் ஒருவன், பேட்டும் அவனுடையது, கேப்டனும் அவன்தான். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறான். “டேய், இவ வேலைக்கார ஆன்ட்டி மாதிரி பேசறாடா!”

இதை அவளே வந்து என்னிடம் சொன்னாள், அதில் என்ன தப்பு என்று புரியாமல். “க்கா, நான் உன்ன மாதிரி பேசுறேன்னு சொன்னாங்கோ” என்றாள் பெருமையாக. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கீழே போகவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். நான் திருத்தப் பார்த்தேன். “இன்னா இல்ல பாப்பா, என்ன. கீது இல்ல, இருக்கு.” அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, “இன்னா அது, என்ன?” என்பாள். நாக்கில் ஏறினது இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குடில் பண்டிகை வந்தது. அந்தப் பண்டிகையில் குடிலுக்கு விருந்தாளி வர வேண்டுமாம். விருந்தாளி இல்லாத குடில் குடிலே இல்லையாம். பாப்பா அதைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிடப் போகிறேன், கதை சொல்லப் போகிறேன் என்றாள்.

கதை மேடம் எழுதியது. அவருக்கு அது ஒரு பழக்கம், குழந்தைகளுக்குச் சிரிப்புக் கதை எழுதி அதற்குள் ஒரு விஞ்ஞான விஷயத்தைச் சொருகிவிடுவார். நான் பீன்ஸ் நறுக்கும்போது பாப்பா அதைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

“ஒரு ஊர்ல ஒரு பெரிய மண்டை விஞ்ஞானி கீறாரு க்கா. பண்டிகைக்குக் குடிசை கட்டுறாரு. உள்ள நெழல்தான் ஜாஸ்தி இருக்கணும்ல? அத்த எண்ணிப் பாத்தாத்தானே தெரியும்? அதனால தரையில வுழுவுற ஒவ்வொரு குட்டி சூரியனையும் சுத்தி சாக்பீஸ்ல வட்டம் போடுறாரு. ஒண்ணு போட்டுட்டு இன்னொண்ணு போடுறதுக்குள்ள மொதல் சூரியன் நவுந்து போயிடுது.”

“ஏன் நவுறுது?”

“பூமி சுத்துதுல்ல! அவரு மறுபடி போடுறாரு. மறுபடி நவுறுது. பொண்டாட்டி சாப்புடக் கூப்புடுறா. இரு, சூரியனைப் புடிச்சுட்டு வரேன்றாரு. அவர் எண்ணிக்கினே இருக்கும்போது அவரோட ஆடு கூரையைத் தின்னுது. ஓட்டை ஜாஸ்தி ஆவுது, சூரியனும் ஜாஸ்தி ஆவுது. அவருக்கு சாக்பீஸ் தீந்து போவுது. கடசீல ஆடு மொத்தக் கூரையையும் தின்னுடுது. அவரு மேல பாக்குறாரு. ஒரே ஒரு சூரியன். ‘அப்பாடா, இப்ப எண்ணுறது ஈஸி’ன்றாரு!”

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு, “கீத்து ஓட்டை கோணல் மாணலா இருக்குமே பாப்பா, வெயிலு எப்படி வட்டமா வுழும்?” என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள். ஒரு அட்டையில் சின்னதாக ஒரு முக்கோண ஓட்டை, ஒரு சதுர ஓட்டை போட்டு, நாற்காலி மேல் ஏறி வெயிலில் பிடித்தாள். தரையில் விழுந்தது இரண்டும் வட்டம்தான்.

“ஓட்டை எப்டி இருந்தா இன்னா? மேல கீற சூரியன் ரவுண்டு. அதோட படம்தான் கீழ வுழுவுது.”

எங்கள் குடிசையின் தரையிலும் அந்த வட்டங்கள் கிடந்தன. என் அம்மா முதுகில், அரிசி முறத்தில், தூங்குகிற தம்பி கன்னத்தில். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, அடுத்த மழைக்கு இங்கே தண்ணீர் சொட்டும் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

கதை சரி. ஆனால் கதை சொல்ல நிஜமாகவே தரையில் சூரியன் விழ வேண்டும். ஓட்டை வேண்டும், வெயில் வேண்டும். கேலி பண்ணின பிள்ளைகள் வர வேண்டும், வந்தவர்கள் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவைத்தான் நம்பி இறங்கும்?

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் சாரிடம் மேடம் அனுமதி கேட்டார். ஓய்வுபெற்ற மனிதர். மாடித் தரையில் ஆணி அடித்தால் கீழ்வீட்டில் கசியும் என்பது அவர் கவலை. அந்தக் கவலை எனக்கும் புரிந்தது. “ஆணி கூடாது, நெருப்பு கூடாது, ஞாயித்துக்கிழமை சாயங்காலத்தோட பிரிச்சிடணும்” என்றார். பண்டிகை புதன்கிழமைவரை போகிறது என்று மேடம் சொல்லிப் பார்த்தார். அவர் தலையை ஆட்டிவிட்டார். நெருப்பு கூடாது என்றது மட்டும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பந்தல்காரர் வந்து கட்டினார். நான் சமையலில் இருந்தேன். முடித்துவிட்டுக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ஆணி அடிக்காமல் மணல் மூட்டையில் சவுக்குக் கழி ஊன்றி, மேலே கீற்றை இரண்டு அடுக்காக, ஓரத்துக்கு ஓரம் மடித்து வேய்ந்திருந்தார். உள்ளே இருட்டு. ஒரு குடம் தண்ணீரை எடுத்து மேலே வீசினார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

“எப்படி?” என்றார்.

“அண்ணே, ஓட்டை…”

“ஓட்டையாம் ஓட்டை. நாலு பேரு வந்து போற எடம். ஒழுகுச்சுன்னா யாரு கட்டுனதுன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? மழைக் காலத்துல ஒழுகுற கொட்டாய் போட்டான்னு என் பேருதானே நாறும்? அந்தம்மா ஊர்ல வேலை தெரிஞ்சவன் இல்ல போல, அதான் ஓட்டையா போட்டுக்கினு பண்டிகைன்றாங்க. பாத்துட்டு சந்தோசப்படுவாங்க, போ.”

எங்கள் குடிசைக்கு இப்படி ஒரு கூரை கிடைத்திருந்தால் என் அம்மா அவர் காலில் விழுந்திருப்பாள். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மேடம் வந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. “வெரி குட் வேலை,” என்றார், “ஆனா வானம் இல்லை.” பாப்பா வாசலிலேயே நின்றாள். கையில் சாக்பீஸ் பெட்டி.

மறுநாள் காலையில் நான் ஏணி போட்டு ஏறினேன். ஏணியும் எனக்குப் பயம்தான். மேல் அடுக்குக் கீற்றுகளை உருவிப் போட்டேன். கீழ் அடுக்கை விரலால் பிளந்தேன். ஒவ்வொரு தடவை பிளக்கும்போதும் உள்ளுக்குள் யாரோ, வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கீழே பாப்பா கத்தினாள்: “க்கா! ஒண்ணு வந்துச்சு! ரெண்டு! இன்னொண்ணு போடு!”

உருவின கீற்றுகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். கூடவே வீட்டிலிருந்து ஒரு நீலத் தார்ப்பாயையும் கொண்டுவந்து அங்கே வைத்தேன். பாப்பா அதைப் பார்த்துவிட்டாள். “கேக்காம மூடாதே க்கா. மூடிட்டா அது குடிசை இல்ல” என்றாள்.

அந்த வாரம் அவர்கள் இரண்டு பேரும் குடிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாப்பா தினமும் விருந்தாளிக்கு என்று ஒரு தட்டு கூடுதலாக வைப்பாள். சாப்பிட்டு முடித்ததும் காலித் தட்டை நான் எடுத்துக் கழுவுவேன். ஒரு நாள் அந்தத் தட்டுக்கு முன்னால் என்னை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். “நீ வூட்டு ஆளு, விருந்தாளி இல்ல” என்று அவளே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வரும்போதே வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அழுக்குத் துணி மாதிரி இருந்தது. சாம்பல் மேகம், கீற்று அளவு நீலம்கூட இல்லை. வெயில் இல்லாவிட்டால் சூரியன் விழாது. சூரியன் விழாவிட்டால் கதை இல்லை. அதை நினைத்துக்கொண்டே பருப்பு வடைக்கு அரைத்தேன், அதை நினைத்துக்கொண்டே ரசம் வைத்தேன். அவர்கள் ஊரில் குடிலில் சூப் சாப்பிடுவார்களாம். சென்னையில் சூப் என்றால் ரசம்தானே என்று பாப்பாவே முடிவு செய்திருந்தாள்.

மாடியில் பாய் விரித்தேன், பாயைச் சுற்றிலும் தரையைச் சும்மா விட்டேன், வட்டம் போட. பாப்பா பஞ்சில் தாடி ஒட்டிக்கொண்டு நின்றாள். சொன்ன நேரம் தாண்டியது. யாரும் வரவில்லை. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை மறைக்கப் பார்த்தார். பாப்பா தாடியைச் சரி செய்தாள், மறுபடி சரி செய்தாள்.

அப்புறம் படியில் சத்தம். முதலில் இரண்டு பொடிசுகள். பிறகு இன்னும் சிலர். கடைசியாக அந்த உயரமான பையன், கையில் பேட்டோடு. குடிலுக்குள் தலையை விட்டு, “இன்னா கீது உள்ள?” என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பாப்பாவின் காது சிவந்தது.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். வடையும் ரசமும் காகிதக் கப்பில் கொடுத்தேன். பாப்பா என்னைப் பார்த்தாள். பிறகு, நான் சொல்லிக் கொடுத்து மனப்பாடம் செய்த தமிழில் ஆரம்பித்தாள்.

“அன்பான நண்பர்களே. ஒரு ஊரில் ஒரு விஞ்ஞானி வாழ்ந்து வந்தார். அவர் மிகவும் அறிவாளியாக இருந்தார்.”

ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. வீட்டில் என்னைச் சிரிக்க வைத்த பிள்ளை இதில்லை. ஒருத்தி கொட்டாவி விட்டாள். ஒருவன் மணல் மூட்டையைக் காலால் நோண்டினான்.

“தரையில் சிறு சிறு சூரியன்கள் விழுந்தன. அவர் அவற்றை எண்ணத் தொடங்கினார்.”

“எங்க விழுந்துச்சு?” என்றான் உயரமான பையன். “காட்டு பாக்கலாம்.”

பாப்பா தரையைப் பார்த்தாள். வெறும் சிமெண்டு. மேலே பார்த்தாள். நான் போட்டுக் கொடுத்த அத்தனை ஓட்டையிலும் மேகம்.

“கொஞ்சம்… பொறுத்திருங்கள்” என்றாள்.

“சூரியன் லீவு போல” என்றான் அவன். சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் கை மேல் ஒரு சொட்டு விழுந்தது.

அடுத்தடுத்துச் சொட்டுகள். தூறல். பிள்ளைகள் ஐயோ ஐயோ என்று எழுந்தார்கள். பேட் வைத்திருந்தவன் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, “வாங்கடா கீழ போலாம்” என்றான். நான் தொட்டிக்குப் பின்னால் ஓடினேன். தார்ப்பாயைப் பிடித்துவிட்டேன், உருவிவிட்டேன். ஒரு வீச்சு வீசினால் போதும், பிள்ளைகள் நனைய மாட்டார்கள், போக மாட்டார்கள். ஆனால் அப்புறம் வெயிலே வந்தாலும் சூரியன் விழாது. மூடிட்டா அது குடிசை இல்ல. மேடத்தைப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு பாப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றேன். மழையில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாமல் போனது அன்றைக்குத்தான்.

அப்போது பாப்பா தாடியைப் பிடுங்கி எறிந்தாள்.

“ஏய்! இன்னாத்துக்கு எய்ந்துக்கிறீங்கோ எல்லாரும்? குந்துங்க!”

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“மய வந்தா ஓடணும்னு யாரு சொன்னது? ரூல் கீது. சூப்புல மய வுழுந்து சூப்பு கெட்டுப் போனாத்தான் கீழ போவணும். எவன் ரசம் கெட்டுச்சு? காட்டு!”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கப்பைப் பார்த்தார்கள்.

“என்னோடதுல விழுந்துடுச்சு” என்றது ஒரு பொடிசு.

“கெட்டுச்சா?”

“தண்ணியா இருக்கு.”

“லூசு, ரசம் எப்பவும் தண்ணியாத்தான் இருக்கும்” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“அப்ப கெட்டுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

இதுதான் அவர்களைப் பிடித்துக்கொண்டது. உயரமான பையன் பேட்டை இறக்கினான். “டெஸ்ட் பண்ணணும்” என்றான். “ஒரு கப்பை மூடி வை. ஒண்ணைத் திறந்து வை. நான் கண்ணை மூடிக்கிறேன். எது எதுன்னு சொல்லாம குடு.”

பாப்பா ஒரு கப்பைத் தட்டால் மூடினாள். இன்னொன்றை, கூரையில் அதிகமாகச் சொட்டுகிற ஓட்டைக்கு நேர் கீழே பிடித்தாள். சொட், சொட். எல்லோரும் நனைந்துகொண்டே கப்பைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். முதல் கப்பைக் குடித்தான். முகம் கோணியது, இருமினான், கண்ணில் தண்ணீர். இரண்டாவதைக் குடித்தான். உதட்டை நக்கினான்.

“இது நல்லா இருக்கு.”

“அதான்டா மழை ரசம்!”

“நெஜமா? அப்ப மொதல்ல குடிச்சது?”

“அது அக்கா ரசம்!”

ஒரே கூச்சல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வானத்தையே நினைத்துக்கொண்டு வைத்த ரசத்தில் மிளகை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். பாவம், பிள்ளைகள் மரியாதைக்குச் சொல்லாமல் கப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இப்போது எல்லாக் கையும் ஓட்டைக்குக் கீழே நீண்டது. “எனக்கு இன்னும் ரெண்டு சொட்டு.” “தள்ளுடா, இது என் ஓட்டை.” “க்கா, இங்க ஒரு ஓட்டை போடு க்கா, எனக்கு விழவே இல்ல.”

க்கா என்று கூப்பிட்டது பாப்பா இல்லை, அந்தப் பொடிசு.

தார்ப்பாயைக் கீழே போட்டேன். ஒரு ஓட்டையை விரலால் பெரிதாக்கினேன்.

அப்படி எல்லோரும் கூரையையே பார்த்துக்கொண்டு இருந்ததால் வெயில் வந்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. தூறல் நிற்கவில்லை, ஆனால் எங்கோ மேகம் கிழிந்தது. அந்தப் பொடிசின் கப்புக்குள் ஏதோ மினுங்கியது.

“என் ரசத்துல லைட் விழுந்துடுச்சு.”

“லைட்டு இல்ல, சூரியன்!” என்று பாப்பா கத்தினாள்.

ஈரத் தரை முழுக்க வட்டங்கள். பாயில், முட்டியில், பேட்டின் மேல். பாப்பா சாக்பீஸை எடுத்துக்கொண்டு குப்புற விழுந்தாள். “இதோ, பெரிய மண்டை விஞ்ஞானி எண்ணப் போறாரு! ஒண்ணு!” சாக்பீஸ் ஈரத் தரையில் எழுதவில்லை. ஒரு நொடி அவள் முகம் மாறியது. உயரமான பையன் தன் காகிதத் தட்டை ஒரு வட்டத்துக்குக் கீழே வைத்தான். “புடிச்சாச்சு. இது என்னுது.” எல்லோரும் தட்டை வைத்தார்கள். ஆளுக்கு ஒரு சூரியன். யாரும் அசையாமல் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வட்டங்கள் தட்டின் ஓரத்துக்குப் போயின.

“டேய், போவுதுடா!”

“யாரு தட்டை ஆட்டுனது?”

“யாரும் ஆட்டல. பூமி ஆட்டுது” என்றாள் பாப்பா. “இப்ப ஆடு வேணும். யாரு ஆடு?”

உயரமான பையன் ம்மே என்று கத்திக்கொண்டு எழுந்தான். அவனுக்குத்தான் கூரை எட்டும். தொங்கிக்கொண்டிருந்த கீற்று நுனியைப் பல்லால் கடித்து இழுத்தான். நான் “தம்பி, வேணாம்” என்பதற்குள் கட்டு அவிழ்ந்து ஒரு முழுக் கீற்று அவன் தலை வழியே சரிந்து விழுந்தது. அந்த இடம் முழுக்க வெயில் கொட்டியது. பிள்ளைகள் கிறீச்சிட்டார்கள். நான் கீற்றைத் தூக்க ஓடினேன். அவன் கீற்றுக்குள்ளிருந்து தலையை நீட்டி மறுபடியும் ம்மே என்றான்.

அந்தப் பெரிய ஓட்டைக்கு அந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு செயலாளர் சார் நின்றுகொண்டிருந்தார்.

“என்னம்மா இது? கீழ வரைக்கும் சத்தம் கேக்கறது. மழை பேஞ்சுண்டிருக்கு, குழந்தைகளை நனைய விட்டுண்டு…” குடையை மடக்கிவிட்டு உள்ளே குனிந்து வந்தார். “இன்னிக்கு சாயங்காலம் பிரிச்சிடணும், ஞாபகம் இருக்கோல்லியோ?”

கூச்சல் நின்றது. பாப்பா அவரைப் பார்த்தாள். தட்டோடு உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் பார்த்தாள். நாளைக்கு இவர்கள் வர ஒரு குடில் இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“சார்” என்றாள். “புதன்கிழமைவரிக்கும் கீது சார் பண்டிகை.”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அந்தப் பொடிசு, “அங்கிள், ஆடாதீங்க!” என்றது. “உங்க தலையில மூணு சூரியன் இருக்கு.”

அவருக்கு முன்வழுக்கை. உண்மையாகவே மூன்று வட்டம், பொட்டு வைத்த மாதிரி. பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரைச் சூழ்ந்தார்கள். “நகராதீங்க அங்கிள்.” “நகருதா பாரு.” “என்ன நகரறது?” என்றார் அவர். தலையைத் தொட்டுப் பார்த்தார். வட்டம் விரலுக்கு மாறியது. அதைப் பார்த்தார். உள்ளங்கையை விரித்தார், ஒன்று அதில் வந்து உட்கார்ந்தது. வட்டமாகத்தான் இருந்தது. மேலே இருந்த ஓட்டையைப் பார்த்தார், அது கோணல். மறுபடி கையைப் பார்த்தார்.

நான் ஒரு கப்பில் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“சார், அப்படியே குடிக்காதீங்க” என்றான் ஆடு. “மழைத் தண்ணி கலந்துக்குங்க. இல்லேன்னா செத்துடுவீங்க.”

அவர் குடித்துவிட்டார். இருமினார். நன்றாக இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புதன்கிழமைக்கு மேல ஒரு நாள் கிடையாது” என்றார். “தண்ணித் தொட்டிப் பக்கம் யாரும் போகப்படாது.” குடையை விரிக்க மறந்து தூறலிலேயே இறங்கிப் போனார்.

பிள்ளைகளும் போனார்கள். நன்றி, போய் வருகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை, படியில் தடதடவென்று ஓடினார்கள். உயரமான பையன் மட்டும் பாதிப் படியிலிருந்து திரும்பிக் கத்தினான்: “நாளைக்கு இன்னா டைம்?”

அதில் கேலி இருக்கிறதா என்று நான் காதைத் தீட்டிக் கேட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை. பாப்பா கேட்டதாகவே தெரியவில்லை. “ஸ்கூல் வுட்டு வந்தோன வா!” என்று கத்தினாள். “சாயங்காலம் சூரியன் நீட்டா வுழும், முட்டை மாரி!”

பிரிப்பதற்காகச் சொல்லி வைத்திருந்த பந்தல்காரர் சாயங்காலம் வந்தார். கூரையைப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் பிளந்தது, விரலால் பெரிதாக்கினது, ஆடு தின்றது எல்லாவற்றையும் பார்த்தார்.

“யாரு கட்டுனதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லாதே” என்றார்.

“புதன்கிழமைதாண்ணே பிரிக்கணும். இப்ப விழுந்த கீத்தை மட்டும் கட்டிக் குடுத்துட்டுப் போங்க.”

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். கீற்றைத் தூக்கி ஓரத்தோடு ஓரம் சேர்த்தார், பழக்கம் விடுமா. மேலே மேகம் மறுபடியும் கூடிக்கொண்டிருந்தது.

“நெருக்காதீங்கண்ணே” என்றேன். “கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க. அந்தச் சின்னப் புள்ள உக்கார்ற எடத்துக்கு நேரா ஒண்ணு வேணும். அதுக்கு இன்னிக்கு சரியா விழல.”

அவர் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு கீற்றைத் தள்ளி வைத்தார்.

“இவ்ளோ போதுமா?”